மூன்று மாதம் யாரிடமும் சொல்ல வேண்டாம், செவிலியரைத் தவிர

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என நம் செட்டிநாட்டு வீடுகள் பலவற்றில் முதல் மூன்று மாதம் கர்ப்பத்தை வெளியே சொல்ல மாட்டார்கள். கண் பட்டுவிடும் என்று ஆச்சிமார் அஞ்சுவார்கள். உறவுக்காரர்களிடம் எப்போது சொல்வது என்பது உங்கள் விருப்பம். ஆனால் உங்கள் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரிடம் மட்டும் மறைக்காதீர்கள். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் இதயமும் உருவெடுப்பது அந்த மூன்று மாதத்தில்தான். தலைச்சன் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணுக்காகவும், அவளைப் பார்த்துக்கொள்ளும் கணவர், மாமியாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

படி 1: நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்

கடைசியாக மாதவிலக்கு தொடங்கிய தேதியுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டுங்கள்; அதுதான் உத்தேசப் பிரசவ நாள். ஜனவரி 10 என்றால் அக்டோபர் 17. மொத்தம் 40 வாரம். குறித்த நாளிலேயே பிறக்கும் குழந்தைகள் குறைவுதான். 37 வாரம் முடிந்தபின் பிறந்தால் அது நிறைமாதப் பிரசவம்.

படி 2: 12 வாரத்துக்குள் பதிவு

நாள் தள்ளிப்போனதும் வீட்டிலேயே சிறுநீர்ச் சோதனை செய்து பாருங்கள். உறுதியானால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பதிவு செய்யுங்கள். ஆதார் அட்டை, வங்கிப் பாஸ்புக் இரண்டையும் கொண்டுபோங்கள். அங்கே தரும் பிக்மி (PICME) எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், மிக முக்கியம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வரை அதைக் கேட்பார்கள். தனியார் மருத்துவரிடம் பார்ப்பவர்களுக்கும் இந்தப் பதிவு வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் கிடைக்கும். யாருக்குத் தகுதி உண்டு என்பதைச் செவிலியரே சொல்லிவிடுவார்.

படி 3: மாத்திரையைத் தவறவிடாதீர்கள்

முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலம். நான்காம் மாதம் முதல் தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை. கர்ப்ப காலத்தில் குறைந்தது 180 நாள். கூடவே கால்சியம், நாளைக்கு இரண்டு வேளை. இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்கக் கூடாது; இரும்பு உடலில் ஏறாது. காபி, டீயும் அதைக் கெடுக்கும். குடிப்பதென்றால் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். எலுமிச்சைச் சாறும் நெல்லிக்காயும் இரும்பு ஏற உதவும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையால் வருவது. வயிற்றைப் பிரட்டினால் நிறுத்திவிடாமல், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் சாப்பிடலாமா என்று செவிலியரிடம் கேளுங்கள்.

ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை. சுவரொட்டியும் (ஆட்டு மண்ணீரல்) முருங்கைக்கீரையும் நல்லவைதான். ஆனால் அவை மாத்திரையின் இடத்தை நிரப்பாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். பிரசவத்தில் ரத்தம் போகும்போது, ஏற்கெனவே சோகை பிடித்த உடம்பு தாங்காது.

படி 4: நம் சமையலில் எதைச் சாப்பிடுவது

முதல் மாதங்களில் குமட்டல் வரும். காலையில் எழுந்ததும் இரண்டு வாய் பொரிகடலையோ உப்புச் சீடையோ மென்றுவிட்டு மெதுவாக நடங்கள். சிறிது சிறிதாகப் பல வேளை சாப்பிடுங்கள். தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தி வந்தால் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு உயிருக்கும் சேர்த்துச் சாப்பிடு என்று அப்பத்தா தட்டை நிரப்புவார். உண்மையில், நான்காம் மாதத்துக்குப் பிறகு கூடுதலாகத் தேவைப்படுவது சுமார் 350 கலோரிதான். ஒரு முட்டை, ஒரு கிண்ணம் சுண்டல், ஒரு தம்ளர் பால் போதும். சராசரி எடையுள்ள பெண் மொத்தமாக 10 முதல் 12 கிலோ வரை கூடலாம்.

மிளகும் வரமிளகாயும் குழந்தையைக் கெடுக்காது. பின் மாதங்களில் உங்களுக்குத்தான் நெஞ்செரிச்சல் தரும். கறி, முட்டை, மீன் எதுவானாலும் நன்றாக வேக வேண்டும். பெரிய சுறாவில் பாதரசம் இருக்கும், தவிர்த்துவிடுங்கள்; நெத்திலி, மத்தி நல்லவை. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி, அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். பப்பாளிக் காய் வேண்டாம். குங்குமப்பூ குழந்தையின் நிறத்தை மாற்றாது. அந்தப் பணத்துக்குப் பழம் வாங்குங்கள்.

கும்மாயம், கவுனி அரிசி போன்ற நம் பலகாரங்களில் இனிப்பு அதிகம். கர்ப்பகாலச் சர்க்கரை இல்லை என்று தெரியும் வரை கை அடக்கம் வேண்டும். அதற்கான சோதனை எளிது: 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ சர்க்கரை. முதல் வருகையில் சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி செய்ய வேண்டும்.

படி 5: ஸ்கேன், ஊசி, அழுத்தம்

11 முதல் 14 வாரத்துக்குள் ஒரு ஸ்கேன், உறுப்புகளைப் பார்க்க 18 முதல் 20 வாரத்தில் ஒன்று. ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம். ரணஜன்னியையும் தொண்டை அடைப்பானையும் தடுக்கும் டி.டி. (Td) தடுப்பூசி நான்கு வார இடைவெளியில் இரண்டு. ஒவ்வொரு முறை போகும்போதும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் மருத்துவரிடம் விளக்கம் கேளுங்கள்.

படி 6: வீட்டுக்குள் கவனம்

ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும். வளவில் (உள்முற்றத்தில்) தண்ணீர் சிந்தினால் உடனே துடையுங்கள். மேல்வீட்டுப் படியில் பிடித்துக்கொண்டு ஏறுங்கள். பின் மாதங்களில் ஒருக்களித்துப் படுங்கள், இடப்பக்கம் நல்லது. தலைப்பிள்ளை என்றால் 18 முதல் 20 வாரத்தில் அசைவு தெரியத் தொடங்கும்.

படி 7: தாய்வீடு போகும்போது

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவது நம் வழக்கம். இங்கேதான் கண்காணிப்பு அறுந்துபோகிறது. மாமியார் ஊர்ச் செவிலியரிடம் சொல்லிவிட்டு, தாய்வீட்டு ஊரில் இருப்பவரிடம் அதே பிக்மி எண்ணையும் தாய்சேய் நலப் புத்தகத்தையும் காட்டுங்கள். பிரசவம் எங்கே என்பதையும் அப்போதே முடிவு செய்யுங்கள். சிக்கல் இருப்பதாகச் சொல்லியிருந்தால், காரைக்குடி அரசு மருத்துவமனையா, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா என்று முன்பே மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிரசவம் எளிதாகும் என்று யாராவது விளக்கெண்ணெய் நீட்டினால் பணிவாக மறுத்துவிடுங்கள்.

எந்த மாதமானாலும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் உண்டு: ரத்தப்போக்கு, விடாத தலைவலி, கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, கடும் காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல், பனிக்குடம் உடைதல். பொழுது விடியட்டும் என்று பெரியவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். நிறைமாதத்தில் இடுப்புவலி விட்டுவிட்டு ஒரே சீராக, நேரம் போகப் போக நெருங்கி வந்தால் புறப்பட வேண்டிய நேரம். புத்தகம், ஆதார், துவைத்த பழைய வேட்டித் துணி, ஒரு மாற்றுச் சேலை இவற்றை எட்டாம் மாதமே ஒரு பையில் எடுத்து வைத்து, அது இருக்கும் இடத்தை வீட்டில் எல்லாரிடமும் சொல்லி வையுங்கள்.