லிஃப்ட் பட்டன் அமுக்கிய கதை: சின்னப் பிள்ளைகளோடு விடுமுறை நோட்டு போடுவது எப்படி?

ஒரு வாரம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பிய அன்று, நான்கு வயது மகளிடம் எது ரொம்பப் பிடித்தது என்று ஆசையாகக் கேட்டேன். கடலா, மலையா, படகா என்று நான் மனதுக்குள் பந்தயம் கட்டிக்கொண்டிருக்க, அவள் "லிஃப்ட்ல நான் பட்டன் அமுக்குனேன்ல, அது" என்றாள். செலவுக் கணக்கை நினைத்து எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. அப்புறம் யோசித்தால், அந்த வாரம் முழுக்க அவளாகவே தன் கையால் செய்த ஒரே காரியம் அதுதான். மற்றதையெல்லாம் நாங்கள் காட்டினோம், அவள் பார்த்தாள், அவ்வளவே.

அடுத்த விடுமுறையில் எங்கும் போகவில்லை. பத்து நாள், அன்றன்று நடந்ததை எழுதி வைக்க ஒரு நோட்டு, அதன் அடையாளங்களைப் போட்டு வைக்க ஒரு பெட்டி. மூன்று வயதிலிருந்து ஏழு வயது வரை இது நன்றாக வரும். கோடு போடாத நோட்டு, கிரேயான், பசை, மூடியோடு ஒரு செருப்புப் பெட்டி இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

படி 1: நாளுக்கு ஒரே ஒரு காரியம்

போர்வைக் கூடாரம், காகிதக் கப்பல், இருட்டிய பிறகு டார்ச் லைட்டோடு வீட்டைச் சுற்றி ஒரு நடை, எதுவானாலும் சரி. பிள்ளையின் கைக்கு அதில் வேலை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கூடாரத்தை நீங்களே அழகாகக் கட்டிக் கொடுத்துவிட்டால் அது உங்கள் கூடாரம். அவள் கோணல்மாணலாகக் கட்டி, இரண்டு தடவை சரிந்து விழுந்து, மூன்றாவது தடவை ஒருவழியாக நின்றால் அது அவளுடையது. அரை மணி நேரம் போதும். பசியிலோ தூக்கக் கலக்கத்திலோ இருக்கும்போது ஆரம்பிக்காதீர்கள், அழுகைதான் மிஞ்சும்.

படி 2: பெட்டிக்குள் ஒரு பொருள்

அன்றைய நாளின் அடையாளமாக ஒரு பொருள், அதைப் பிள்ளைதான் தேர்ந்தெடுக்க வேண்டும். உங்களுக்குக் குப்பையாகத் தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள். ஈரமானதை மட்டும் அப்படியே போட வேண்டாம். மழையில் பொறுக்கிய இலைகளை நான் ஈரத்தோடு போட்டு மூடிவிட்டு, நாலாம் நாள் திறந்தால் பெட்டி முழுக்கப் பூஞ்சை. இலையைத் துடைத்து, இரண்டு செய்தித்தாள்களுக்கு நடுவில் வைத்து, மேலே கனமான புத்தகத்தை ஏற்றி ஒன்றிரண்டு வாரம் விட்டுவிடுங்கள். முதல் சில நாட்கள் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 3: படுக்கும் முன் ஐந்து நிமிடப் பேச்சு

மற்ற எந்தப் படியைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள். பெரியவர்களிடம் கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன்னால் நடந்த எதுவும் ஞாபகம் இருக்காது. அப்படியென்றால் இதெல்லாம் வீணா என்று தோன்றும். ஆனால் ராபின் ஃபிவுஷ், எலெய்ன் ரீஸ் போன்ற உளவியல் ஆய்வாளர்கள் பெற்றோரும் பிள்ளைகளும் பழையதைப் பேசிக்கொள்வதைப் பல வருடங்கள் கவனித்திருக்கிறார்கள். நடந்ததைப் பற்றி விரித்துக் கேட்டு, விரித்துப் பேசும் பெற்றோரின் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தைக் கூடுதல் விவரத்தோடு சொல்கிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

"ஜாலியா இருந்துச்சா?" என்று கேட்டால் "ம்" என்று முடிந்துவிடும். "கூடாரம் விழுந்தப்ப என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். "தம்பி மேல விழுந்துச்சு." சரி, அதையே பிடித்துக்கொண்டு, "ஆமா, தம்பி மேல விழுந்துச்சு, அப்ப அவன் என்ன பண்ணான்?" என்று ஒரு படி மேலே போங்கள். பதில் வராவிட்டால் நீங்கள் கொஞ்சம் சொல்லுங்கள். பரீட்சை மாதிரி ஆக்கிவிடக் கூடாது. நடக்காததை எடுத்துக் கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் நாம் சொன்னதையே தங்கள் நினைவாக எடுத்துக்கொள்ளும் வயது இது.

படி 4: சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள்

தேதி, வயது, அதற்குக் கீழே பிள்ளையின் வார்த்தைகள். முதல் நாள் நான் "கூடாரம் சரிந்தது" என்று திருத்தமாக எழுதினேன். அவள் உண்மையில் சொன்னது, "கூடாரத்துக்குத் தூக்கம் வந்துருச்சு." அடித்துவிட்டு மறுபடி எழுதினேன். அந்த அடித்தல் இன்னும் நோட்டில் இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு படம் வரைய இடம் விடுங்கள், என்ன வரைந்திருக்கிறாள் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அது நாயா மேகமா என்று யாருக்கும் தெரியாது.

படி 5: போட்டோ, குறைவாக

உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹெங்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படம் எடுத்துக்கொண்டே போனவர்களுக்கு, சும்மா பார்த்தவர்களைவிடப் பொருட்கள் குறைவாகவே ஞாபகம் இருந்தன. ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கமாக எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு இல்லை. அதனால் நான் நாளுக்கு இரண்டு படம்தான் எடுக்கிறேன், அதுவும் சேறு படிந்த கால்விரல், கப்பலைப் பிடித்திருக்கும் கை என்று கிட்டத்தில். "இங்க பாரு, சிரி" கிடையாது.

படி 6: கடைசி நாள் கைத்தடம்

இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிசையுங்கள், ஒரு பங்குக்கு மேல் போக வேண்டாம். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் தட்டி, கையை அழுத்தி எடுத்து, பின்பக்கம் தேதியைக் கீறிவிடுங்கள். ஓவனில் 100 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாகக் காய வேண்டும். நான் அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினேன், நடுவில் உப்பி, கட்டை விரல் தனியாக வந்துவிட்டது. ஓவன் இல்லாவிட்டால் காற்றில் சில நாட்கள் திருப்பித் திருப்பிப் போட்டுக் காயவிடலாம். ஒன்றை மறக்காதீர்கள்: இந்த மாவில் உப்பு மிக அதிகம், பிள்ளைகள் வாயில் போடக் கூடாது, நாய்க்கு எட்டவும் கூடாது.

படி 7: எட்டும் இடத்தில் வையுங்கள்

நோட்டை அலமாரியின் உச்சியில் பத்திரப்படுத்தாதீர்கள். ஒரு வாரம் கழித்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து, அவளே எடுத்து வருவாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறும், மாறட்டும்.

இடையில் நாள் தவறினால் ஈடுகட்ட வேண்டாம். எங்கள் நோட்டில் இரண்டு நாள் காய்ச்சலால் இரண்டு பக்கம் காலி. கிழித்துவிடலாமா என்றேன், கூடாது என்று வாங்கிக்கொண்டு போய் அதில் பெரிதாக ஒரு தெர்மாமீட்டர் வரைந்து வைத்திருக்கிறாள்.