பிரேக் மிதித்தால் வண்டி இழுக்கிறதா? இழுக்கும் பக்கத்தைக் கழற்றாதீர்கள்

டயரில் காற்றைப் பாருங்கள், சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள் என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். பட்டறையில் புதிதாகச் சேரும் பையன்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் வேறு.

இழுக்கும் பக்கத்தைச் சந்தேகிப்பது

வண்டி இடப்பக்கம் இழுக்கிறது என்றால் உடனே இடது முன்சக்கரத்தைக் கழற்றுகிறார்கள். பார்த்தாலே எரிச்சல் வருகிறது. பெடலை மிதிக்கும்போது எந்தச் சக்கரம் நன்றாகப் பிடிக்கிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி திரும்பும். ஆகவே இடப்பக்கம் இழுத்தால், முதலில் கழற்ற வேண்டியது வலது சக்கரத்தை.

வேறொரு பட்டறையில் இடது காலிப்பரையும் (சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைப் பேடுகளால் கவ்விப் பிடிக்கும் பாகம்) அந்தப் பக்கத்து பேடுகளையும் மாற்றிய ஒரு சிறிய கார், முன்பைவிட அதிகமாக இழுத்தபடி எங்களிடம் வந்தது. இழுக்காமல் என்ன செய்யும்? நன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த பக்கத்தை இன்னும் நன்றாக்கியிருந்தார்கள்! வலது காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின் துருப்பிடித்து அசையாமல் நின்றிருந்தது. உள்பக்க பேட் தகடு வரை தேய்ந்திருக்க, வெளிப்பக்க பேட் புதிது போல இருந்தது. பின்னைச் சுத்தம் செய்து சிலிக்கான் கிரீஸ் தடவி, இரு பக்கமும் பேட் மாற்றினோம். இழுப்பு நின்றது. (சாதாரண கிரீஸ் வேண்டாம், பின்னின் ரப்பர் உறையை உப்ப வைத்துவிடும்.) புது காலிப்பருக்கு உரிமையாளர் கொடுத்த பணம்தான் வீண்.

மிதிக்காதபோதும் இழுத்தால் கணக்கு மாறும். காலிப்பர் பிடித்தபடியே இறுகிவிட்டால் அந்தப் பக்கமே இழுக்கும். சிறிது தூரம் ஓட்டி நிறுத்தினால் அந்தச் சக்கரம் மட்டும் கொதிக்கும். டிஸ்க்கைத் தொட்டுப் பார்க்காதீர்கள். கையை அருகே கொண்டுபோனாலே தெரியும்.

ஹோஸை வெளியே மட்டும் பார்ப்பது

பிரேக் ஆயிலைக் காலிப்பருக்குக் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் உப்பி அடைத்திருக்கலாம். பிரேக் ஆயில் தாமதமாகப் போனால் சக்கரம் பிந்திப் பிடிக்கும். திரும்பி வராவிட்டால் சக்கரம் விடாது. ஒரு சக்கரம் மட்டும் இறுகி நின்றால், காலிப்பரில் ஆயிலை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைத் திறந்து பாருங்கள். சக்கரம் விட்டுவிட்டால் ஹோஸைச் சந்தேகியுங்கள். விடாவிட்டால் பேடை அழுத்தும் பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ இறுகியிருக்கிறது.

அலைன்மென்ட்டுக்கு அனுப்புவது

மிதிக்காதபோது நேராக ஓடும் வண்டிக்கு, சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் இந்த வேலை முதல் மருந்தல்ல.

ஒரு பக்க பேடை மட்டும் மாற்றுவது

கூடவே கூடாது.

பிரேக்கோடு நிறுத்திக்கொள்வது

பிரேக்கில் குறையே இல்லாமலும் இழுக்கும். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருந்தால், மிதிக்கும்போது அந்தச் சக்கரம் பின்னோக்கி நகர்ந்து திசை மாறிவிடும். ஆர்மைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள். தாராளமாக ஆடினால் புஷ்ஷை மாற்றுங்கள். அலைன்மென்ட் அதற்குப் பிறகு.