வாரண்டிக்குப் போனைக் கொடுக்கும் முன் ஒரு வீடியோ

பழுதான போனைக் கடையில் கொடுக்கும்போது, கவுண்டரிலேயே வைத்து எல்லாப் பக்கமும் தெரிய ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள், "விரிசல் இல்லை, நசுங்கல் இல்லை" என்று ரசீதிலும் எழுதி வாங்குங்கள். பல போன்களில் சிம் தட்டை இழுத்தால் உள்ளே ஒரு சின்ன வெள்ளை ஸ்டிக்கர் தெரியும், தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். டார்ச் அடித்து அதையும் எடுங்கள்.

டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் கொடுத்த போன் எங்கெங்கோ போய்விட்டு "கீழே விழுந்திருக்கிறது, வாரண்டி கிடையாது" என்று திரும்பி வரும்போது, கொடுத்த அன்று எப்படி இருந்தது என்பதற்கு உங்கள் கையில் வேறு சாட்சி இருக்காது. தென்னாப்பிரிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் (2008) 56-ஆம் பிரிவுப்படி, வாங்கி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் ரிப்பேரா, மாற்றுப் போனா, பணமா என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், கடைக்காரர் அல்ல. பின்பக்கம் விரிசல் இருந்து மைக் வேலை செய்யவில்லை என்றால்கூட விட்டுவிடாதீர்கள், அந்த விரிசலால்தான் மைக் போனது என்று கடை சொன்னால், அதை எழுத்தில் அறிக்கையாகக் கேளுங்கள். மறுத்தால், கடைக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான தகராறை விசாரிக்கும் நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை.

உண்மையிலேயே விழுந்ததால் வந்த பழுதுக்கு இது உதவாது, அதற்கு இன்சூரன்ஸ்தான். தெரிந்தவரிடம் விலைக்கு வாங்கிய பழைய போனுக்கும் இந்தச் சட்டம் பொருந்தாது.