மினி டிராக்டரின் சக்கரத்தை அகலப்படுத்தும்போது செய்யக் கூடாத தவறுகள்

ஆனைமலை அடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள் இப்போது மினி டிராக்டரைத்தான் அதிகம் தேடுகிறார்கள். மரத்துக்கு மரம் 25 அடி விட்டு நட்டிருந்தாலும், வட்டப்பாத்தி, சொட்டுநீர்க் குழாய், ஊடுபயிர் என்று வழியெல்லாம் ஏதாவது இருக்கும். அதற்குள் நுழைந்து திரும்பச் சின்ன வண்டிதான் தோது. வாங்கிய பிறகு சரிவில் ஒரு தடவை வண்டி சாய்ந்து நெஞ்சு பதறியதும், "சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கொடுங்கண்ணா" என்று பட்டறைக்கு வந்து நிற்பார்கள்.

கேட்பதில் தவறில்லை. பின்சக்கரங்கள் அகன்று நின்றால் வண்டி உறுதியாக நிற்கும். ஆனால் அதைச் செய்யும் விதத்தில், தொழிலுக்கு வந்த புதிதில் நாங்கள் செய்த அதே கோளாறுகளை இன்றைய பிள்ளைகளும் வரிசையாகச் செய்கிறார்கள். காற்றுக் குறைவு, நட்டு தொலைவது போன்றவை தானே தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முன்சக்கரத்தை அகட்டினால் கவிழாது என்று நம்புவது

டிராக்டரின் முன் ஆக்சில் நடுவில் ஒரே ஒரு பின்னில் (pin, தடித்த இரும்பு ஆணி) தொங்குகிறது. பள்ளம் மேட்டுக்குத் தகுந்தாற்போல் அது தனியாக ஆடிக்கொள்ளும். அதனால் வண்டியின் உடம்பு உண்மையில் நிற்பது மூன்று புள்ளிகளில்: இரண்டு பின்சக்கரம், முன்னால் அந்த ஒரு பின். முன்சக்கரத்தை எவ்வளவு அகட்டினாலும், ஆக்சில் ஆடி முடித்து ஸ்டாப்பரில் முட்டும்வரை கவிழ்வதைத் தடுக்க அது உதவாது. அதற்குள் பெரும்பாலும் காரியம் கைமீறிப் போயிருக்கும்.

பின்சக்கரத்தை அகட்டுவதால் வரும் லாபமும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இல்லை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பின்டயர்கள் நடுவுக்கு நடு 90 செ.மீ., வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், பின் ஆக்சிலுக்கும் முன் ஆக்சிலுக்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிற்கும் வண்டி பக்கவாட்டில் கவிழும் சரிவு, காகிதக் கணக்கில், 27 டிகிரிக்குப் பக்கம். இரண்டு பக்கமும் 10 செ.மீ. தள்ளி 110 ஆக்கினால் 31 டிகிரி. கூடியது நான்கைந்து டிகிரி. அதே வண்டி குறுக்காகப் போகும்போது மேட்டுப் பக்கச் சக்கரம் அரை அடி வரப்பில் ஏறினால், அது ஒன்றே 8 டிகிரியைத் தின்றுவிடும். அதனால் அகலப்படுத்திவிட்டோம் என்ற தைரியத்தில், முன்பு ஓட்டப் பயந்த சரிவில் குறுக்காக இறங்காதீர்கள். சரிவில் நேராக ஏறி நேராக இறங்குவதுதான் இப்போதும் வழக்கம்.

லேத்தில் அடித்த ஸ்பேசர்

சக்கரத்தை வெளியே தள்ள, ஆக்சிலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் வைக்கும் துண்டுதான் ஸ்பேசர். என்னை இன்னமும் எரிச்சல்படுத்துவது இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தளி பக்கம் ஒரு தம்பி. நல்ல உழைப்பாளி. மருந்து டேங்கைப் பின்னால் மாட்டிக்கொண்டு சரிவில் திரும்பும்போது வண்டி தூக்குகிறது என்று, யாரோ சொன்னதைக் கேட்டுப் பக்கத்துக்கு 4 அங்குல ஸ்பேசர் போட்டுவிட்டார். கனமான குழாய்த் துண்டு, இரண்டு முனையிலும் தகடு வைத்து வெல்டிங், துளை போட்டு பெயின்ட். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. மாட்டிய முதல் மாதம் வண்டி கல்லு மாதிரி நிற்கிறது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்புறம் வலது பின்பக்கம் ஆயில் கசிந்தது. "சீல் சரியில்லைங்கண்ணா" என்று மாற்றினார். மறுபடியும் கசிந்தது. மறுபடியும் மாற்றினார். இதற்கு நடுவில் வீல் நட்டு அடிக்கடி லூசாகிறது என்று வாரா வாரம் முடுக்கியும் வந்திருக்கிறார். லூசாகிற நட்டை முடுக்கியவர், அது ஏன் லூசாகிறது என்று கேட்கவில்லை. கடைசியில் தேங்காய் ஏற்றிய டிரெய்லரோடு மேடு ஏறும்போது, சக்கரத்தைப் பிடிக்கும் மரையாணிகளான ஸ்டட்டுகள் மொத்தமாக அறுந்து, சக்கரம் மட்கார்டில் சாய்ந்து நின்றது. மேடு என்பதால் வேகம் இல்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

கழற்றிப் பார்த்தபோது டிஸ்க்கின் (சக்கரத்தின் நடுத் தகடு) துளைகள் முட்டை வடிவத்துக்கு இழுத்திருந்தன. நட்டு உட்காரும் இடத்தைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் மெல்லிய தூள் கோடு கோடாக வெளியே ஓடியிருந்தது. இந்தத் தூளை உங்கள் வண்டியில் எப்போது பார்த்தாலும் அங்கேயே நிறுத்துங்கள். இரும்பும் இரும்பும் உரசித் துருவாக உதிர்கிறது, அதாவது இறுக்கம் போய்விட்டது என்று அர்த்தம்.

நடந்தது என்னவென்றால், வெல்டிங் சூட்டில் தகடு லேசாக இழுத்துக்கொள்ளும். வெல்டிங்குக்குப் பிறகு இரண்டு முகத்தையும் லேத்தில் திரும்பச் சீவ வேண்டும், அதைச் செய்யவில்லை. முகம் சமமாகப் படியாததால் சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் மிகச் சிறிதாக ஆடியது. சக்கரத்தின் பாரத்தைத் தாங்குவது ஸ்டட் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்டட்டின் வேலை ஹப்பையும் (ஆக்சில் நுனியில் சக்கரம் உட்காரும் பாகம்) டிஸ்க்கையும் ஒன்றோடொன்று நெருக்கிப் பிடிப்பது. பாரத்தைத் தாங்குவது அந்த நெருக்கத்தால் வரும் உராய்வு. நெருக்கம் போனால் அத்தனை அடியும் ஸ்டட்டின் மரையில் விழும். எந்த ஸ்டட்டும் தாங்காது.

பேரிங் கதை தனி. டயரின் நடு, வெளிப்பக்க பேரிங்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறதோ அதற்கேற்ப நெம்புதல் கூடும். 10 செ.மீ. தள்ளி இருந்ததை 20 ஆக்கினால், அதே பாரம் ஆக்சிலை இரண்டு மடங்கு வளைக்கப் பார்க்கும். ஆக்சில் நுனி ஆட ஆட, எத்தனை புது சீல் போட்டாலும் உதடு தேய்ந்து ஆயில் வரத்தான் செய்யும். சீலைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தம்பி பேரிங், ஆக்சில் ஷாஃப்ட், டிஸ்க், ஸ்டட் எல்லாம் சொந்தக் காசில் வாங்கினார். வண்டியில் மாற்றம் செய்ததால் வாரண்டியும் கிடைக்கவில்லை.

இதில் என்னால் பொறுத்துக்கொள்ள முடியாதது வேறொன்று. அந்த வண்டியின் பின்சக்கரத்தை இடம் வலம் மாற்றிப் போட்டிருந்தாலே அவருக்கு வேண்டிய அகலம் கிடைத்திருக்கும். ஒரு பைசா செலவில்லை. பின்டிஸ்க் தட்டையாக இருக்காது. கிண்ணம் மாதிரி ஒரு பக்கம் குழிந்திருக்கும். குழிவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்து டயர் உள்ளே போகும், வெளியே வரும். ரிம்மும் டிஸ்க்கும் தனித்தனியாக போல்ட் போட்ட சக்கரமாக இருந்தால், ரிம்மின் காதுகளை டிஸ்க்குக்கு உள்ளே அல்லது வெளியே வைத்து இன்னும் பல அகலங்கள் கிடைக்கும். கம்பெனியே கணக்குப் போட்டு ஒப்புக்கொண்ட அகலங்கள் அவை. கையேட்டில் படத்தோடு இருக்கும். அதைத் திறந்து பார்க்காமல் லேத் பட்டறைக்கு ஏன் ஓடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதற்கு மேலும் அகலம் வேண்டுமானால் ஸ்பேசர் போடலாம். ஒரே கட்டியில் கடைந்தது, அல்லது வெல்டிங்குக்குப் பிறகு முகம் சீவியது வாங்குங்கள். அது ஹப்பின் நடுவில் கச்சிதமாக உட்கார வேண்டும். ஸ்பேசரை ஹப்போடு பிடிக்கத் தனி நட்டு, சக்கரத்தை ஸ்பேசரோடு பிடிக்கத் தனி ஸ்டட் இருக்க வேண்டும். நட்டு மரையில் ஏறும் ஆழம் குறைந்தது ஸ்டட்டின் விட்டம் அளவாவது வேண்டும். உங்கள் மாடலுக்கு ஸ்பேசர் போடலாமா, எத்தனை அங்குலம் வரை என்று கம்பெனி சர்வீஸில் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஸ்பேசர் அடுக்கவே கூடாது.

சக்கரத்தை அதே பக்கத்தில் திருப்பிப் போடுவது

இடது சக்கரத்தைக் கழற்றி, உள்வெளி திருப்பி, இடது பக்கமே மாட்டிவிடுவார்கள். அகலம் கிடைக்கும், டயரின் பட்டன் (மண்ணைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) தலைகீழாகிவிடும். வண்டிக்குப் பின்னால் நின்று பாருங்கள்: பட்டன்களின் கூர்முனை மேலே பார்த்து, கூரை போலத் தெரிய வேண்டும். கீழே பார்த்தால் ஈர மண்ணில் சேறு உதிராமல் அப்பிக்கொள்ளும், பிடிப்பு போய்விடும். இடது சக்கரம் வலதுக்கு, வலது சக்கரம் இடதுக்கு. டயரின் பக்கச் சுவரில் அம்புக்குறி இருக்கிறது. ஒரு தடவை பார்த்துவிட்டு மாட்டுங்கள்.

ஒரு பக்கம் மட்டும் அகட்டுவது

வேண்டாம்.

நான்கு சக்கர இழுவை வண்டியில் முன்டிஸ்க்கைத் திருப்புவது

பல மாடல்களின் கையேட்டில் கூடாது என்றே எழுதியிருக்கிறது. முன் ஹப்பும் கியரும் அந்த நெம்புதலுக்குச் செய்தவை அல்ல.

டூ வீல் டிரைவில் டை ராடை மறந்துவிடுவது

முன் ஆக்சிலை இழுத்து அடுத்த துளைக்கு மாற்றினால், இரண்டு முன்சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் கம்பியான டை ராடையும் அதே அளவு நீட்ட வேண்டும். பிறகு டோ-இன் (முன்சக்கரங்கள் முன்னால் லேசாக உள்ளே திரும்பி நிற்கும் அளவு) பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தே தீரும்.

முன் ஆக்சிலுக்கு ஆப்பு வைக்காமல் ஜாக்கி போடுவது

மேலே சொன்ன அதே ஒற்றைப் பின் இங்கே ஆபத்தாக முடியும். பின் ஆக்சில் ஹவுசிங்குக்கு அடியில் ஜாக்கி கொடுத்து ஒரு சக்கரத்தைக் கழற்றியதும், வண்டி முன்னால் உள்ள அந்தப் பின்னைச் சுற்றிப் பக்கவாட்டில் சாயப் பார்க்கும். அதனால் தூக்குவதற்கு முன்பே முன் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் இடையில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்குங்கள். முன்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். தூக்கியதும் ஹவுசிங்குக்குக் கீழே ஸ்டாண்டு அல்லது கனமான மரக்கட்டை. ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. ஹைட்ராலிக் லிஃப்டைத் தரையில் அழுத்தி வண்டியைத் தூக்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

டயரில் தண்ணீர் அடித்திருந்தால் கழற்றுவதற்கு முன் இறக்கிவிடுங்கள். தண்ணீரோடு சாயும் டயரை ஒற்றை ஆள் பிடிக்க முடியாது. மாட்டி முடித்தபின், வால்வை மேலே வைத்து முக்கால் பாகம் மறுபடி நிரப்பிக்கொள்ளலாம். அந்த எடை கீழேயே நிற்பதால் சரிவில் நல்ல உதவி.

முடுக்கியதோடு விட்டுவிடுவது

படியும் முகங்களில் பெயின்ட், துரு, மண் இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். எதிரெதிர் நட்டாக முடுக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளக்கும் ஸ்பேனர்) வையுங்கள். 200 மீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். முதல் சில நாட்கள் தினமும்.

ரோல் பார்

வண்டி கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இந்த இரும்பு வளைவு இருந்தால், நிமிர்த்தி வைத்து பெல்ட் போடுங்கள். மட்டை இடிக்கிறது என்று மடக்கிக்கொண்டு சரிவில் ஓட்டாதீர்கள். ரோல் பார் இல்லாத வண்டியில் பெல்ட் கட்டிக்கொள்ளக் கூடாது.

ரொட்டாவேட்டரை அளக்காமல் விடுவது

8.3 டயர் (அங்குலக் கணக்கு) என்றால் அகலம் சுமார் 21 செ.மீ. நடுவுக்கு நடு 90 வைத்திருந்தபோது டயரின் வெளிவிளிம்புக்கு விளிம்பு 111 செ.மீ.; 4 அடி (சுமார் 122 செ.மீ.) ரொட்டாவேட்டர் இரண்டு தடத்தையும் மூடிவிடும். 110 ஆக்கியதும் அது 131 ஆகிவிடுகிறது. பக்கத்துக்கு ஐந்து செ.மீ. போலத் தடம் உழாமல் அழுத்தி நிற்கும். ரொட்டாவேட்டரில் பக்கவாட்டு நகர்த்தும் வசதி இருந்தால் வலது பக்கம் தள்ளி, வலது டயரின் தடமாவது முழுக்க மூடும்படி வைத்து, அடுத்த சாலில் இடது தடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தி, மக்காச்சோளத்தில் களையெடுக்கவும் இதே வண்டிதான் என்றால், சக்கரத்தைத் தொடுவதற்கு முன் பாருக்குப் பார் இடைவெளியை டேப் பிடித்து அளந்துவிட்டு வாருங்கள்.