சுவரில் இருப்பது பூஞ்சையா? எர்கோஸ்டெரால் வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

ஜிப்சம் பலகையில் கறுப்பாக ஒரு திட்டு. பூஞ்சையா, வெறும் அழுக்கா? சிமெண்ட் பூச்சில் வெள்ளையாக ஏதோ பூத்திருக்கிறது. பூஞ்சையா, உப்பா? இரண்டாவது கேள்விக்கு ஆய்வகம் தேவைப்படாது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்; உப்பாக இருந்தால் பெரும்பாலும் கரைந்துவிடும், பூஞ்சை கரையாது. முதல் கேள்விதான் நம்மை வேதியியல் பக்கம் தள்ளுகிறது.

"ஆய்வகத்தில் ஊட்டச்சத்துத் தட்டில் வளர்த்துப் பார்த்தால் போதாதா?" என்று கேட்பார்கள். உயிருள்ள பூஞ்சைதான் தட்டில் வளரும். காய்ந்து செத்ததும், ப்ளீச் பட்டுச் செத்ததும் முளைக்காது. ஆனால் அதன் உடல் சுவரிலேயே கிடக்கும். அந்த உடலை அளக்கத்தான் எர்கோஸ்டெரால். நம் செல்சவ்வில் கொலஸ்டிரால் செய்யும் வேலையைப் பெரும்பாலான பூஞ்சைகளில் இது செய்கிறது. தாவரங்களில் அந்த இடத்தில் இருப்பவை சிட்டோஸ்டெரால் போன்றவை. ஆகவே காகிதத்திலோ மரத்திலோ எர்கோஸ்டெரால் கிடைத்தால், பூஞ்சை அங்கே வந்திருக்கிறது என்று பொருள்.

படி 1: மாதிரி எடுப்பது

கறை உள்ள இடத்தில் ஒரு துண்டு. அதே பொருளில், கறையே இல்லாத, ஈரம் படாத இடத்தில் இன்னொரு துண்டு. இந்த இரண்டாவது துண்டைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். மரத்திலும் காகிதத்திலும் எப்போதுமே கொஞ்சம் பூஞ்சை ஒட்டியிருக்கும் என்பதால், அந்த அடிப்படை அளவு தெரியாமல் கறைத் துண்டின் எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஜிப்சம் பலகை என்றால் மேலுள்ள காகிதத்தை உரித்துத் தனியாக எடுங்கள். பூஞ்சைக்குத் தீனி அந்தக் காகிதம்தான். உள்ளிருக்கும் ஜிப்சத்தையும் சேர்த்து அரைத்தால் எடை ஏறும், எண் இறங்கும். மரம் என்றால் மேற்பரப்பை மெல்லிய சீவலாகச் சீவுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் புதுக் கையுறை, துடைத்த கத்தி. பரப்பளவையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். உடனே ஆய்வு செய்ய முடியாவிட்டால் உறைநிலையில், இருட்டில் வையுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி மேசையில் விட்டால் பூஞ்சை பைக்குள்ளேயே வளர்ந்துவிடும்.

படி 2: காரத்தில் வேகவைப்பது

மூடி இறுக்கமாகப் பொருந்தும் கண்ணாடிக் குழாயில் அரை கிராம் மாதிரி. அதோடு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் 10 சதவீதம் கரைந்த மெத்தனால் 5 மில்லிலிட்டர். 80 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குங்கள். செல்லில் எர்கோஸ்டெராலின் ஒரு பகுதி கொழுப்பமிலத்தோடு பிணைந்து கிடக்கும். காரம் அந்தப் பிணைப்பை உடைக்கிறது. கூடவே மற்றக் கொழுப்புகள் சோப்பாக மாறி, நமக்கு வேண்டாத பக்கம் போய்விடுகின்றன.

மெத்தனால் நஞ்சு, காரம் கண்ணைக் குருடாக்கிவிடும். ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள், கண்ணாடி அணிந்துதான் வேலை. நெருப்பு கூடவே கூடாது. சூடாக்க நீர்த்தொட்டியோ வெப்பத்தட்டோ மட்டும்.

சூடாக்கும் முன்பே 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் ஓர் அளவு சேர்த்துவிடுங்கள். எர்கோஸ்டெராலைப் போலவே நடந்துகொள்ளும் பொருள் இது. போட்டதில் எவ்வளவு கடைசியில் திரும்பி வந்தது என்று பார்த்தால் வழியில் எவ்வளவு தொலைந்தது என்பது தெரிந்துவிடும்.

படி 3: ஹெக்சேனில் பிரிப்பது

குழாய் ஆறியதும் கொஞ்சம் தண்ணீரும், பிறகு தண்ணீரோடு கலக்காத கரைப்பானான ஹெக்சேனும் ஊற்றிக் குலுக்குங்கள். சோப்பு கீழ் அடுக்கில் தங்கும், எர்கோஸ்டெரால் மேலே ஹெக்சேனுக்கு வரும். சொல்லும்போது எளிது. சுவர்ப்பொருள் என்றால் இங்கேதான் கழுத்தறுப்பு: ஜிப்சத்திலும் சிமெண்டிலும் உள்ள கால்சியம் சோப்போடு சேர்ந்து பிசுபிசுப்பான ஏடாகி, இரண்டு அடுக்குக்கும் நடுவே உட்கார்ந்துகொள்ளும். ஆவேசமாகக் குலுக்கினால் மோசமாகும். குழாயை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். சிறிது உப்பு போடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மையவிலக்கியில் சுழற்றுங்கள். மூன்று முறை எடுத்து, மேலடுக்குகளை ஒன்றாகச் சேர்த்து, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, 1 மில்லிலிட்டர் மெத்தனாலில் கரைத்து வடிகட்டுங்கள்.

குழாய்களுக்கு அலுமினியத் தாள் சுற்றுவது அலங்காரத்துக்கு அல்ல. புற ஊதா ஒளி பட்டால் எர்கோஸ்டெரால் வைட்டமின் டி2 ஆகும் பாதையில் இறங்கிவிடும். ஒரு முறை சோம்பேறித்தனமாக, தாள் சுற்றாமல் இரண்டு குழாய்களைச் சன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். இருட்டில் இருந்த அவற்றின் ஜோடிகளைவிட அந்த இரண்டின் சிகரமும் (அளக்கும் கருவி வரையும் கோட்டில் எர்கோஸ்டெராலுக்காக எழும் மேடு) கண்ணுக்குத் தெரியும்படி குட்டையாக இருந்தது.

படி 4: அளப்பது

கரைசலில் உள்ள பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் உயர்திறன் திரவ வண்ணப்படிவுப் பகுப்பாய்வுக் கருவி (HPLC), பிரிக்கும் வேலையைச் செய்யும் சி18 வகைத் தூண், மெத்தனால் ஓட்டம், 282 நானோமீட்டர் ஒளியில் கவனிப்பு. தூய எர்கோஸ்டெராலை நான்கைந்து செறிவுகளில் செலுத்தி, எந்தச் செறிவுக்கு எவ்வளவு சிகரம் என்று காட்டும் அளவுகோட்டை முதலில் வரையுங்கள். மாதிரியே போடாத வெற்றுக் குழாய் ஒன்றையும் எல்லாப் படியிலும் கூடவே கொண்டுவாருங்கள்.

சரியான நேரத்தில் ஒரு சிகரம் வந்துவிட்டது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். அதன் ஒளியுறிஞ்சல் நிறமாலையை, அதாவது எந்த அலைநீள ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்ற படத்தை, திறந்து பாருங்கள். 271, 282, 293 நானோமீட்டரை ஒட்டி அடுத்தடுத்து மேடுகள், நடுவில் உள்ளது உயரமாக. இந்த வடிவம் இல்லையென்றால் அது வேறு ஏதோ; பெயிண்டிலிருந்தோ பசையிலிருந்தோ வந்ததாக இருக்கலாம்.

படி 5: கணக்கு

கருவி 1 மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கரைசல் 1 மில்லிலிட்டர், மாதிரி 0.5 கிராம். 2 × 1 ÷ 0.5 = கிராமுக்கு 4 மைக்ரோகிராம். படி 2-இல் போட்ட 7-டீஹைட்ரோகொலஸ்டிராலில் திரும்பி வந்தது 80 சதவீதம் என்றால், 4 ÷ 0.8 = 5. எடை உலர் எடையாக இருக்கட்டும். ஈரப் பலகையின் எடையில் தண்ணீரும் சேர்ந்திருக்கும்.

இந்த 5 எந்த இனப் பூஞ்சை என்று சொல்லாது, உயிரோடு இருக்கிறதா என்றும் சொல்லாது. சுத்தத் துண்டில் 0.3 வந்தால் கறை பூஞ்சைதான், பேச்சுக்கே இடமில்லை. அதிலும் 4 வந்தால் கறை உங்களை ஏமாற்றியிருக்கிறது, அல்லது சுத்தம் என்று நினைத்த இடத்திலும் ஈரம் பரவியிருக்கிறது. ஈரமானியோடு திரும்பிப் போய், இன்னும் தள்ளி, உலர்ந்த இடமாகப் பார்த்து ஒரு துண்டு வெட்டிக்கொண்டு வாருங்கள்.