டிஜே ஹெட்போன் தேர்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: மலையில் இசை வாசிப்பவர்களுக்கு

நீலகிரியில் டிஜே தொழிலுக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பெரும்பாலும் கன்ட்ரோலரைப் (பாட்டுகளைக் கலந்து ஓடவிடும் கருவி) பற்றி மாதக்கணக்கில் விசாரித்துவிட்டு, ஹெட்போனை மட்டும் கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏதோ ஒன்றாக வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டில் பாட்டுக் கேட்கும்போது இனிமையாக இருக்கிறதே என்று தேர்ந்தெடுத்த ஹெட்போன், ஏதேனும் ஒரு ஹட்டியில் (நீலகிரியின் படகர் மக்கள் வாழும் ஊர்) படகர் கல்யாணத்தன்று சவுண்ட் சர்வீஸ்காரரின் பேஸ் பெட்டிகளுக்கு அருகே நிற்கும்போது ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. அடுத்த பாட்டைக் கூட்டத்துக்குக் கேட்காமல் தயார்செய்து, ஓடிக்கொண்டிருக்கும் பாட்டின் தாளத்தோடு பொருத்துவதே இந்த ஹெட்போனின் வேலை; எனவே அது எந்த ஜாக்கில் சொருகப்படப்போகிறது, எந்த இடத்தில் நின்று கேட்கப்படப்போகிறது என்ற இரண்டையும் முடிவுசெய்த பிறகே பெட்டியைப் பிரிக்க வேண்டும்.

அதிகம் பேர் தடுமாறுவது ஓம் கணக்கில்தான், அதாவது மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பின் அளவில். ஓம் கூடக்கூடத் தரம் கூடும் என்ற நம்பிக்கையில், ஸ்டுடியோவுக்கென்று செய்யப்பட்ட 250 ஓம் ஹெட்போனை வாங்கி, லேப்டாப்பிலிருந்து யுஎஸ்பி வழியாகவே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சிறிய கன்ட்ரோலரில் சொருகுகிறார்கள். கணக்கு எளிமையானது: ஒரு ஜாக் 1 வோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், 32 ஓம் ஹெட்போனுக்கு ஏறத்தாழ 31 மில்லிவாட் போய்ச்சேரும், 250 ஓம் ஹெட்போனுக்கு 4 மில்லிவாட்தான் போய்ச்சேரும். மற்ற எல்லாம் சமமாக இருந்தாலும் இந்த ஒரு காரணத்தாலேயே ஒலி 9 டெசிபெல் குறைந்துவிடும். அதை ஈடுகட்ட வால்யூமைக் கடைசிவரை திருகும்போது கன்ட்ரோலருக்குள் இருக்கும் சிறிய ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பகுதி) திணறி, அடிக்கும் ஒவ்வொரு டிரம்மிலும் கரகரப்பு சேர்கிறது. வாங்கியவரோ ஹெட்போன் பழுது என்று திருப்பி அனுப்புகிறார். பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 ப்ரோ 32, 80, 250 ஓம் என்று மூன்று வகையாக வந்திருக்கிறது. மூன்றும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், எந்த எண் போட்ட பெட்டி என்று பார்க்காமல் வாங்குவது நல்லதல்ல.

ஆனால் ஓம் எண்ணை மட்டுமே பார்ப்பதும் தவறுதான். உணர்திறன், அதாவது தரும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற இன்னொரு எண் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். அதை ஒரு நிறுவனம் 1 மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும், இன்னொரு நிறுவனம் 1 வோல்ட்டுக்கு இத்தனை டெசிபெல் என்றும் குறிப்பிடுவதால், இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்து எண்களை நேராக ஒப்பிட முடியாது. 1988-ல் வெளிவந்து இன்றும் டிஜேக்களின் கழுத்தில் தொங்கும் சென்ஹைசர் எச்டி 25 ஹெட்போன் 70 ஓம் கொண்டது; ஆயினும் 1 வோல்ட்டில் 120 டெசிபெல் தருவதாக அதன் விவரக்குறிப்பு சொல்கிறது. மேலே சொன்ன 250 ஓம் டிடி 770 ப்ரோவுக்கு 1 மில்லிவாட்டில் 96 டெசிபெல் என்று போட்டிருப்பார்கள்; 1 வோல்ட்டுக்கு மாற்றினால் அது 102-தான் வரும். இரண்டும் நல்ல ஹெட்போன்களே. ஒன்று இரைச்சலான பந்தலுக்குப் பொருந்தும், மற்றது அமைதியான அறைக்குப் பொருந்தும்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு பள்ளம் இருக்கிறது. சில கன்ட்ரோலர்களின் கையேட்டில் 32 ஓமுக்குக் குறையாத ஹெட்போனையே இணைக்க வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். நண்பர்கள் இருவர் சேர்ந்து வாசிக்கும்போது ஒரே ஜாக்கில் ஸ்ப்ளிட்டர் (ஒரு இணைப்பை இரண்டாகப் பிரிக்கும் கம்பி) போட்டு இரண்டு 32 ஓம் ஹெட்போன்களைச் சொருகினால், ஆம்ப் தாங்க வேண்டிய சுமை 16 ஓமாக இறங்கிவிடுகிறது. ஒலி தேய்வதும் கரகரப்பதும் அங்கிருந்துதான் வருகின்றன.

ஜாக் அளவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மிக்ஸர்களில் 6.35 மில்லிமீட்டர் ஜாக் இருக்கும். பயோனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற தொடக்கநிலைக் கன்ட்ரோலர்களில் 3.5 மில்லிமீட்டர் மட்டும் இருக்கும். திருகு மறை உள்ள அடாப்டரோடு வரும் ஹெட்போன் இரண்டுக்கும் போதும். சுருள் கம்பியை இழுத்துக்கொண்டு நடமாடுபவர்கள், அந்த இழுவை முழுவதும் உள்ளே பற்றவைத்திருக்கும் சிறிய ஜாக்கின்மேல் விழுகிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளலாம். ஹெட்போனை லேப்டாப்பில் சொருகிவிட்டு கியூ (கூட்டத்துக்குக் கேட்காமல் தயார்செய்யும் அடுத்த பாட்டு) கேட்கவில்லை என்று தவிப்பது வேறு வகை: ஒலியை வெளியே அனுப்பும் சவுண்ட் கார்டு உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் என்றால் கியூ ஒலி கன்ட்ரோலரின் ஜாக்குக்குத்தான் வரும். சவுண்ட் கார்டு இல்லாத மலிவான கன்ட்ரோலராக இருந்தால், இடப்பக்க ஒலியை ஸ்பீக்கருக்கும் வலப்பக்க ஒலியை ஹெட்போனுக்கும் பிரித்துத் தரும் டிஜே ஸ்ப்ளிட்டர் கம்பி வேண்டும். இருவர் சேர்ந்து பாட்டுக் கேட்க விற்கும் சாதாரண ஸ்ப்ளிட்டர் ஒரே ஒலியை இருபக்கமும் அனுப்பும் என்பதால் அது இந்த வேலைக்கு உதவாது.

புளூடூத் ஹெட்போனை டிஜே வேலைக்குக் கொண்டுவருவதை மன்னிக்கவே முடியாது என்பது என் கருத்து. வழக்கமான புளூடூத் இணைப்பில் ஒலி 150 முதல் 250 மில்லிவிநாடி வரை தாமதமாக வருகிறது. நிமிடத்துக்கு 120 தட்டு ஓடும் பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் இடைவெளியே 500 மில்லிவிநாடிதான். ஆக, காதில் கேட்பது கிட்டத்தட்ட அரைத் தட்டு பிந்திய செய்தி. தனி டிரான்ஸ்மிட்டரோடு டிஜேக்களுக்கென்றே செய்யப்படும் வயர்லெஸ் ஹெட்போன்களில் தாமதம் மிகக் குறைவு. அவற்றை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கம்பியுள்ள ஹெட்போனிலும் தாமதத் தொல்லை உண்டு, ஆனால் அது வெளியிலிருந்து வருகிறது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. மைதானத்தின் மறுகோடியில் 17 மீட்டருக்கு அப்பால் ஸ்பீக்கர் இருந்தால், அந்தப் பாட்டு உங்கள் காதுக்கு 50 மில்லிவிநாடி கழித்தே வந்துசேரும். ஒரு காதில் ஹெட்போன், மறு காதில் தூரத்து ஸ்பீக்கர் என்று வைத்துத் தாளத்தைப் பொருத்தினால், நீங்கள் சரி என்று நினைக்கும் இடத்தில் கூட்டத்துக்கு இரண்டு டிரம்மும் முன்பின்னாக விழும். பக்கத்தில் உங்களுக்கென்று வைத்துக் கேட்க ஒரு மானிட்டர் ஸ்பீக்கர் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கியூ மிக்ஸ் குமிழைத் திருகி இரண்டு பாட்டையும் ஹெட்போனுக்குள்ளேயே கேட்டுப் பொருத்துங்கள். இப்படி இரு காதையும் மூடி வேலைசெய்ய வேண்டியவர்களுக்கு, வெளிச்சத்தத்தை நன்றாகத் தடுக்கும் மூடிய வகை ஹெட்போன் கட்டாயமாகிறது. பின்பக்கம் திறந்த வகையில் வெளிச்சத்தம் தடையின்றி உள்ளே வந்துவிடும். வெளிச்சத்தத்தை மின்னணு முறையில் அழிக்கும் நாய்ஸ் கேன்சலிங் விமானத்தின் சீரான இரைச்சலுக்கு ஏற்றது. திடீர் திடீரென்று விழும் டிரம் அடியிடம் அதன் திறமை செல்லாது, பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற கவலை வேறு.

பேஸ் அதிகம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்குவதும் வேண்டாம். பேஸ் ஏற்கெனவே ஸ்பீக்கரிலிருந்து மார்பில் வந்து மோதிக்கொண்டிருக்கிறது. தாளம் விலகுவதைக் காட்டிக்கொடுப்பது கிக் டிரம்மின் முதல் நொடித்தெறிப்பும் ஹை-ஹாட் என்ற டிரம் தாளத்தட்டின் சிணுங்கலும்தான். உப்பிய பேஸ் இவை இரண்டையும் மூடிவிடும்.

இனி மலைக்கே உரிய விஷயம். மார்கழி, தை மாத இரவுகளில் கம்பளிக் குல்லாவைக் கழற்றாமல் அதன்மேலேயே ஹெட்போனை மாட்டிக்கொள்ளும் வழக்கம் இங்கே உண்டு. மெத்தைக்கும் தோலுக்கும் நடுவே கம்பளி நின்றால் காற்று கசிகிறது. கசிந்தவுடன் முதலில் காணாமல் போவது அடித்தாளம், அடுத்து உள்ளே நுழைவது வெளிச்சத்தம். கடையில் கேட்டபோது இருந்த பேஸ் மேடையில் எங்கே போயிற்று என்று தேடுபவர்கள், குல்லாவைக் காதுக்கு மேலே சுருட்டிவிட்டு ஒருமுறை கேட்டுப்பார்த்தால் பதில் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கம்பியும், அளவு சற்றுக் குறைவாக என்றாலும், இதே வேலையைச் செய்கிறது.

ஈரம் இன்னொரு எதிரி. கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழையிலும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும், பெட்டிக்குள் பூட்டிவைத்த ஹெட்போனின் செயற்கைத்தோல் மெத்தை பூஞ்சை பிடித்து, பிறகு கருஞ்செதில்களாக உரிந்து காதோரத்தில் ஒட்டிக்கொள்கிறது. மெத்தையும் கம்பியும் தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய மாடலைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால், ஒரு சிறிய உதிரிபாகத்தில் முடிய வேண்டிய காரியத்துக்கு முழு ஹெட்போனையும் தூக்கிப்போட வேண்டிவரும். எச்டி 25 இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்கு அதன் ஒவ்வொரு பாகமும் தனியே கிடைப்பது ஒரு முக்கியக் காரணம். வியர்வையோடும் பனியோடும் பையில் திணிக்காமல், துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது போதுமான பராமரிப்பு.

வால்யூமைப் பற்றி ஒரு கணக்கு. 85 டெசிபெல்லில் நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குப் பரிந்துரைக்கப்படும் எல்லை. 3 டெசிபெல் கூடும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகி, 100 டெசிபெல்லில் 15 நிமிடமாகச் சுருங்கிவிடுகிறது. வெளிச்சத்தத்தைத் தடுக்காத ஹெட்போனைப் போட்டவர் அதை வெல்ல வால்யூமைத்தான் ஏற்றுவார். இரவு 10 மணிக்குமேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதியின்படி நிகழ்ச்சி மண்டபத்துக்குள் சிறிய ஸ்பீக்கருக்கு மாறிய பிறகும், ஹெட்போன் குமிழ் மட்டும் மைதானத்தில் வைத்த இடத்திலேயே நிற்பதைப் பல மேடைகளில் பார்க்கலாம்.

வாங்குவதற்குக் கோவைக்கு இறங்குவதாக இருந்தால், கன்ட்ரோலரையும் லேப்டாப்பையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரரின் போனில் சொருகிக் கேட்பது உங்கள் ஜாக்கைப் பற்றி எதையும் சொல்லாது. வால்யூம் குமிழைப் பாதிக்குச் சற்று மேலே வைத்து, கடைக்குள் ஒரு ஸ்பீக்கரையும் ஓடவிட்டு, ஒரு பக்கக் கிண்ணத்தைத் திருப்பி ஒற்றைக் காதால் கேட்டுப்பாருங்கள். இணையத்தில் வாங்குபவர்கள் பெயர்பெற்ற மாடல்களுக்குப் போலிகள் உலவுவதை மனத்தில் கொண்டு, பாதி விலை என்ற விளம்பரத்தை விட்டு, நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கி, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதே சோதனையை வீட்டில் செய்துவிட வேண்டும்.