கடல் மாதிரியில் கட்ட அளவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கணினி மாதிரியில் கடலைச் சிறு சதுரங்களாகப் பிரிக்கிறோம்; அந்தச் சதுரமே கட்டம். கட்டத்தின் பக்க அளவைப் பாதியாக்கினால் கணக்கீட்டுச் சுமை ஏறத்தாழ எட்டு மடங்காகும் என்பதை எந்தக் கையேடும் சொல்லிவிடும். கடல் நீரோட்ட மாதிரிகளைப் புதிதாக இயக்க வருபவர்கள் மீண்டும் மீண்டும் இடறி விழும் வேறு சில இடங்களையே இங்கே எழுதுகிறேன்.

ஆழத் தரவைவிட நுண்ணிய கட்டம்

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவதும், இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவதும் இதுதான். பாக் நீரிணைக்கு 100 மீட்டர் கட்டத்தில் மாதிரி அமைத்த ஓர் ஆய்வு மாணவர், ஆழத்துக்கு ஜெப்கோ (GEBCO) என்னும் உலகக் கடலடி ஆழத் தரவை மட்டுமே நம்பினார். அத்தரவில் ஏறத்தாழ 450 மீட்டருக்கு ஒரு மதிப்புதான் உண்டு. ஆகவே அவருடைய கட்டங்களில் இருபது, ஒரே ஆழ மதிப்பைப் பங்கிட்டுக்கொண்டன. அந்த மதிப்பும் பல இடங்களில் அளந்து பெற்றதன்று, ஊகித்து நிரப்பியது. எது அளந்தது, எது நிரப்பியது என்று காட்டும் தனிக் கோப்பை ஜெப்கோவே தருகிறது. அதை அவர் திறந்து பார்க்கவில்லை.

சில மீட்டர் ஆழமே உள்ள நீரில் ஒரு மீட்டர் பிழைகூட நீரோட்டத்தைப் பெரிதும் மாற்றிவிடும். கணித்த ஓதம் (கடல்மட்ட ஏற்ற இறக்கம்) அளவீட்டோடு பொருந்தாதபோது அவர் ஆழத்தைச் சந்தேகிக்காமல், கடலடி நீரோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் குறிக்கும் உராய்வுக் கெழுவை மாற்றி மாற்றி ஒரே ஒரு ஓதமானிக்கு மாதிரியைப் பொருத்தினார். படம் அழகாக வந்தது. மற்ற இடங்களிலெல்லாம் வேகம் தவறாக இருந்தது. தவறான ஆழத்தை உராய்வால் மூடி மறைப்பதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை, ஏனெனில் அடுத்து வருபவர் அந்தக் கெழுவை உண்மையென்று எடுத்துக்கொள்வார்.

முதலில் கடற்படை நீரியல் வரைபடங்களின் ஆழ அளவுகளைத் திரட்டுங்கள். அவை தாழ்ந்த நீர்மட்டத்திலிருந்து கணக்கிடப்பட்டவை என்பதால் சராசரிக் கடல்மட்டத்துக்கு மாற்றுங்கள். அளவுகள் எவ்வளவு நெருக்கமாகக் கிடைக்கின்றனவோ, அதற்கேற்பக் கட்டத்தை முடிவு செய்யுங்கள். இராமர் பாலத்து மணல்திட்டுகள் இடம் மாறுபவை என்பதால் பழைய அளவுகளின் ஆண்டையும் பாருங்கள்.

குறுகிய வாய்க்கு இரண்டே கட்டம்

பாம்பன் வாய் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலமுள்ளது. 1 கிலோமீட்டர் கட்டத்தில் அங்கே ஓட்டத்தின் வடிவம் உருவாகாது. சாய்வாகச் செல்லும் கரைக்கோடு வாயை முழுவதும் அடைத்துவிடவும் கூடும். குறுக்கே ஐந்து கட்டங்களாவது வேண்டும் என்பது என் கருத்து.

தேவையற்ற ஆழ்கடல்

2000 மீட்டர் ஆழத்தில் ஓதம் போன்ற நெடிய அலை நொடிக்கு 140 மீட்டர் பாயும். அலை ஒரு கட்டத்தைத் தாண்டும் முன் மாதிரி அடுத்த கணக்கீட்டைச் செய்ய வேண்டும் என்பதால், 100 மீட்டர் கட்டத்துக்குக் காலப்படி (இரு கணக்கீடுகளுக்கு இடைப்பட்ட நேரம்) ஒரு நொடிக்கும் கீழே இறங்கிவிடும். தேவையற்ற ஆழ்கடல் பகுதியை வெட்டிவிடுங்கள்.

செங்குத்துச் சரிவு

ரோம்ஸ் (ROMS) போன்று, நீரைக் கடலடியின் மேடுபள்ளத்தைப் பின்பற்றும் அடுக்குகளாகப் பிரிக்கும் மாதிரியில், மன்னார் வளைகுடாச் சரிவு பொய்யான நீரோட்டங்களை எழுப்பும். காற்றும் ஓதமும் இன்றி, கிடைமட்டத்தில் அடர்த்தி வேறுபாடும் இல்லாமல் ஒருமுறை இயக்குங்கள். அப்போது தோன்றும் வேகம் முழுவதும் பிழையே.

ஒரே தாவல்

உங்கள் மாதிரியின் எல்லை மதிப்புகளைத் தரும் 9 கிலோமீட்டர் கட்ட உலக மாதிரியிலிருந்து 100 மீட்டர் கட்டத்துக்கு நேராக இறங்காதீர்கள். இடையில் சில மாதிரிகளை அமைத்து, ஒவ்வொரு நிலையிலும் கட்டத்தை மூன்று முதல் ஐந்து மடங்கு சிறிதாக்கினால் போதும்.